‘அவள் ஏன் எதிர்க்கவில்லை?’ என்று கேட்கும் முன்

ஆணாதிக்கச் சமூகங்களில் பெண்கள் தங்கள் மீதான வன்முறையையும் அநீதியையும் இத்தனை காலம் ஏன் எதிர்க்காமல் பொறுத்துக்கொண்டார்கள், எதிர்த்த சிலராவது எதைச் சாதித்தார்கள் என்பது கேள்வி. கேட்டவரின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் கேள்வியின் முதல் பாதி தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்ப்பு என்றால் அது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஓர் அச்சை வார்த்து வைத்துக்கொண்டு, அந்த அச்சில் அடங்காத அனைத்துக்கும் ‘இணக்கம்’ என்று பெயர் சூட்டி ஒதுக்கியதால்தான் பெண்கள் எதிர்க்கவில்லை என்ற தோற்றம் உண்டானது. அந்த அச்சை வார்த்தவர்கள் பெரும்பாலும் அடி வாங்கியவர்கள் அல்லர்.

இதற்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பையே சான்றாகக் காட்டலாம். 1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஆதிவாசிச் சிறுமி ஒருத்தி இரண்டு காவலர்களால் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. அவளுக்குப் பதினான்கிலிருந்து பதினாறு வயதுக்குள் இருக்கும் என்று மருத்துவர் மதிப்பிட்டார். அவளை அழைத்து வந்த உறவினர்கள் அந்த நேரத்தில் நிலையத்துக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள். அச்சத்தில் பணிந்துபோவது வேறு, மனமுவந்து இசைவது வேறு என்று தெளிவாகச் சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தக் காவலர்களைத் தண்டித்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடலில் காயம் இல்லை, காயம் இல்லையென்றால் அவள் போராடவில்லை, போராடவில்லையென்றால் அவளுக்கு அதில் சம்மதம் என்று அந்தத் தீர்ப்பின் தர்க்கம் படிப்படியாக இறங்கியது. பூட்டிய காவல் நிலையத்துக்குள், சீருடை அணிந்த இருவருக்கு எதிரே, அநாதையான ஒரு சிறுமி உடலில் காயம் படும் அளவுக்குப் போராடியிருந்தால் மட்டுமே அவளுடைய மறுப்பு மறுப்பாக ஏற்கப்பட்டிருக்கும்.

அந்தச் சிறுமியின் பெயரால் மதுரா வழக்கு என்று அறியப்பட்ட அந்தத் தீர்ப்பைக் கண்டித்து 1979-ல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. 1983-ல் சட்டம் திருத்தப்பட்டு, காவலில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தனக்குச் சம்மதம் இல்லை என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னால் சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று ஆனது. உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சம்மதம் என்று கருதக் கூடாது என்ற வரி சட்டத்தில் ஏறியதோ 2013-ல். அந்த இரவிலிருந்து கணக்கிட்டால் 41 ஆண்டுகள். ‘ஏன் எதிர்க்கவில்லை’ என்று நாம் இயல்பாகக் கேட்டுவிடும் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட வழக்கம் இருக்கிறது என்பதைக் காட்டவே இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

இனி வீட்டுக்குள் வருவோம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்றும், கல்லானாலும் கணவன் என்றும் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண், எதிர்த்தால் என்ன நடக்கும் என்பதை வெளியிலிருந்து அறிவுரை சொல்லும் எவரையும்விடத் துல்லியமாக அறிவாள். அவன் வண்டி வந்து நிற்கும் சத்தத்திலிருந்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்கேற்பப் பிள்ளைகளை முன்கூட்டியே தூங்க வைப்பாள், கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போடாமல் விடுவாள், கூர்மையான பொருள்களை எட்டாத இடத்துக்கு மாற்றி வைப்பாள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களையும், தன் அடையாள அட்டையையும் ஒரு பையில் போட்டு நம்பகமான தோழியின் வீட்டில் வைத்திருப்பாள். எந்தச் சொல் அவனை வெறியேற்றும் என்று அறிந்து அதைத் தவிர்ப்பாள். சில நாள்களில் வேண்டுமென்றே அந்தச் சொல்லைச் சொல்லவும் செய்வாள். வெளியாள் கண்ணுக்கு இவையெல்லாம் அடங்கிக் கிடப்பதாகத் தெரியும். என் பார்வையில் இவை ஒவ்வொன்றும் எதிர்ப்பே. உயிரைக் காப்பாற்றிக்கொண்டு, பிள்ளைகளையும் காப்பாற்றி, என்றாவது ஒரு நாள் வெளியேறுவதற்கான தயாரிப்பு அது.

‘விட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதானே’ என்று சொல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிந்து செல்லும் தருணமும் அதை ஒட்டிய காலமுமே ஒரு பெண்ணின் உயிருக்கு மிக ஆபத்தானவை என்பது இத்துறையில் பல நாடுகளிலும் திரும்பத் திரும்ப உறுதி செய்யப்பட்ட உண்மை. அவன் அவள் மீது செலுத்திவந்த கட்டுப்பாடு கைநழுவிப் போகும் நேரம் அது. 2023-ல் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள் என்று ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 140 பேர். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களில் 14 சதவீதத்தினர் மட்டுமே உதவி தேடியதாகச் சொன்னார்கள்; பெரும்பான்மையினர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. இதைப் பெண்களின் கோழைத்தனத்துக்கான புள்ளிவிவரமாகப் படிப்பவர்கள் உண்டு. நானோ இதைச் சுற்றியிருப்பவர்களைப் பற்றிய புள்ளிவிவரமாகவே படிக்கிறேன். சொன்னால் யார் நம்புவார், நம்பினாலும் யார் துணைக்கு நிற்பார் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அவள் வாயை மூடிக்கொள்கிறாள்.

வன்முறை நிலைத்து நிற்பதற்கு அடிப்பவனின் பலம் மட்டும் போதாது. அவள் தனித்திருக்க வேண்டும், வெட்கம் அவள் பக்கம் இருக்க வேண்டும். வரலாற்றில் பலன் தந்த எதிர்ப்புகளை எடுத்துப் பார்த்தால், அவை இந்த இரண்டில் ஒன்றையாவது உடைத்திருப்பதைக் காணலாம்.

தனிமையை உடைத்ததற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ பெண்கள். அவர்களிடையே, ‘ஒருவன் மீது அமர்வது’ என்று சொல்லத்தக்க ஒரு வழக்கம் இருந்தது. மனைவியை அடித்துத் துன்புறுத்துபவன், சந்தை விதிகளை மீறுபவன், பெண்களின் பயிரில் மாட்டை மேயவிடுபவன் ஆகியோரின் வீட்டு முன் ஊர்ப் பெண்கள் திரண்டு வந்து, அவன் செய்த குற்றத்தைப் பாட்டாகக் கட்டிப் பாடி, ஆடி, உலக்கையால் அவன் குடிசையைத் தட்டி, அவன் மன்னிப்புக் கேட்டுத் திருந்துவதாக வாக்களிக்கும் வரை கலைய மாட்டார்கள். ஒரு பெண் வாங்கிய அடி ‘வீட்டு விவகாரம்’ என்ற திரைக்குப் பின்னால் போகாமல், ஊர்ப் பெண்கள் அனைவரின் விவகாரமாக அங்கே நடுமுற்றத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் ஆட்சி இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ளவில்லை, புரிந்துகொள்ள முயலவும் இல்லை. அது தான் நியமித்த ஆண் தலைவர்கள் வழியே ஆண்டது. பெண்களின் அவைகள் அதன் கண்ணில் படவே இல்லை.

1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில், நுவான்யெருவா என்ற பெண் தன் வீட்டில் பனை எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தபோது, கணக்கெடுக்க வந்த ஒருவன் அவளுடைய ஆடுகளையும் ஆட்களையும் எண்ணிச் சொல்லும்படி கேட்டான். ஆண்களை இப்படித்தான் முதலில் எண்ணினார்கள், பிறகு அவர்களுக்கு வரி போட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். உன் தாயை யாராவது எண்ணினார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். கைகலப்பு ஆனது. அவள் நேரே பெண்களின் கூட்டத்துக்குப் போய்ச் சொன்னாள். பனங்குருத்து ஓலை கைமாறிக் கைமாறி ஊர் ஊராகச் செய்தி போயிற்று. சில வாரங்களில் பல்லாயிரக்கணக்கான பெண்கள், ஒரு கொடுமைக்காரக் கணவனுக்குச் செய்வதைக் காலனி ஆட்சியின் தலைவர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் செய்தார்கள். ஆட்சி துப்பாக்கியால் பதில் சொன்னது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களுக்கு வரி விதிக்கப்படவில்லை. அந்த நியமனத் தலைவர் முறையும் சில ஆண்டுகளில் மாற்றியமைக்கப்பட்டது. இந்தப் போராட்டத்தை ‘ஆபா கலவரம்’ என்று ஆட்சியாளர்கள் பதிவு செய்தார்கள். அந்தப் பெண்களோ அதைப் பெண்களின் போர் என்று அழைத்தார்கள். ஒரே நிகழ்வுக்குச் சூட்டப்பட்ட அந்த இரண்டு பெயர்களிலேயே நம் கேள்விக்கான விடையில் பாதி அடங்கியிருக்கிறது.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற ஊரில் 1992-ல் தொடங்கிய சாராய எதிர்ப்பும் இதே வழியில் பிறந்ததுதான். அங்கே பெண்களை ஒன்றுசேர்த்தது முழு எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்பு. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்கு மட்டுமே உரிய துயரம் என்று எண்ணியிருந்த அடியும் பசியும் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் பொதுவானவை என்பது பாடம் படிக்கும்போது தெரியவந்தது. சாராயக் கடையை மூடவைத்த பெண்களின் செய்தி மாவட்டம் தாண்டிப் பரவி, 1993 அக்டோபர் முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் வந்த முழு மதுவிலக்கு இரண்டே ஆண்டுகளில் தளர்த்தப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வென்றது தங்கவில்லை. ஆனால் ஒரு தனிப் பெண்ணின் புகாராக இருந்தவரை எந்த அதிகாரியும் காது கொடுக்காத ஒன்று, ஐம்பது பேர் சேர்ந்து நின்றபோது அரசாணை ஆயிற்று.

அடுத்தது வெட்கத்தின் கதை. 1965 டிசம்பர் 26 அன்று சிசிலியின் அல்காமோவில் பதினேழு வயது பிராங்கா வியோலாவை, அவள் வேண்டாம் என்று விலக்கிய ஒருவன் ஆள் சேர்த்துக் கடத்திச் சென்று எட்டு நாள்கள் அடைத்து வைத்து வன்கொடுமை செய்தான். அப்போதைய இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544-வது பிரிவின்படி, அவளையே மணந்துகொண்டால் அவன் குற்றம் அழிந்துவிடும். அந்தத் திருமணத்துக்குப் பெயரே சீர்செய்யும் திருமணம். கெட்டுப்போனதாகக் கருதப்பட்டது அவளுடைய மானம். அதைச் சரிசெய்யும் வாய்ப்பை அவனுக்கு அளித்தது சட்டம். அவள் மறுத்தாள். அவள் தந்தை அவள் பக்கம் நின்றார். அதற்காக அந்தக் குடும்பத்தின் திராட்சைத் தோட்டமும் களஞ்சியமும் எரிக்கப்பட்டன. வழக்கு நடந்தது, கடத்தியவன் சிறை சென்றான். மானம் இழப்பவள் கொடுமைக்கு உள்ளானவள் அல்லள், கொடுமை செய்தவனே மானம் இழந்தவன் என்பது அவள் எடுத்த நிலை. அந்த 544-வது பிரிவு 1981-ல் நீக்கப்பட்டது. அதே வகைச் சட்டப் பிரிவுகளை மொராக்கோ 2014-லும், துனீசியா, ஜோர்டான், லெபனான் ஆகியவை 2017-லும் நீக்கின. ஊரார் வாயை மூட முடியாத ஓர் ஊரில், ஒரு பதினேழு வயதுப் பெண் சொன்ன ‘மாட்டேன்’ எவ்வளவு கனமானது என்பதை இந்த ஆண்டுகளின் இடைவெளியை வைத்து அளக்கலாம்.

இதே வெட்கத்தை ஆயுதமாகத் திருப்பியவர்களும் உண்டு. தங்ஜம் மனோரமா என்ற பெண் பாதுகாப்புப் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டுச் சடலமாகக் கிடைத்ததை அடுத்து, 2004 ஜூலை 15 அன்று அப்போது அந்தப் படையின் முகாமாக இருந்த மணிப்பூரின் காங்லா கோட்டை முன் பன்னிரண்டு தாய்மார்கள் ஆடை களைந்து நின்றார்கள். 2003-ல் லைபீரியாவின் உள்நாட்டுப் போரை நிறுத்தக் கோரி வெள்ளை உடையில் போராடிய கிறித்தவ, முஸ்லிம் பெண்கள், கானாவின் தலைநகர் அக்ராவில் பேச்சுவார்த்தை நடந்த அரங்கின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். கைது செய்ய வந்தபோது, அவர்களை வழிநடத்திய லேமா குபோவி ஆடையைக் களையப் போவதாக எச்சரித்தார். குடும்பத்தின் மானத்தையும் ஊரின் மானத்தையும் பெண்ணின் உடலில் ஏற்றி வைத்தது யார்? அந்தப் பாரத்தை அதை ஏற்றியவர்கள் முன்னாலேயே இறக்கி வைத்த செயல் அது. இதை வீரச்செயல் என்று கொண்டாடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மற்ற எல்லா வழிகளும் அடைபட்ட பிறகே அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

2024-ல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில், கணவரால் மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் பல ஆண்களின் வன்கொடுமைக்கு உள்ளான ஜிசேல் பெலிகோ, மூடிய அறையில் விசாரணை நடத்தக் கோரும் தன் உரிமையை விட்டுக்கொடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வழக்கு நடக்க வேண்டும் என்றார். வெட்கம் இடம் மாற வேண்டும் என்பதே அவர் பக்கத்தின் நிலைப்பாடு. அவருடைய கணவர் உட்பட 51 ஆண்கள் குற்றவாளிகள் என்று அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அல்காமோவுக்கும் அவிஞ்ஞோனுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கடந்திருந்தும், சொல்லவேண்டியிருந்தது அதே வாக்கியம்தான்.

பேசுவதற்குச் சங்கடமான இன்னொரு எதிர்ப்பும் உண்டு: திருப்பி அடித்தவள், கொன்றுவிட்டவள். இங்கிலாந்தில் பத்தாண்டுக் கொடுமைக்குப் பிறகு 1989-ல், உறங்கிக்கொண்டிருந்த கணவருக்குத் தீ வைத்த கிரண்ஜித் அலுவாலியாவுக்குக் கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆத்திரமூட்டலை எதிர்வாதமாக ஏற்க வேண்டுமானால், தன்னிலை இழப்பது ‘திடீரென’ நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது அங்கிருந்த விதி. அடி விழுந்த அடுத்த நொடியில் திருப்பித் தாக்கக்கூடிய உடல்பலம் உள்ளவனை மனத்தில் வைத்து உருவான விதி அது. பல ஆண்டுகளாகச் சேர்ந்து சேர்ந்து வெடிக்கும் அச்சத்துக்கு அதில் இடமில்லை. கறுப்பின, தெற்காசியப் பெண்களுக்காக இயங்கும் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு அவருக்காக இயக்கம் நடத்தியது. 1992-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாகி, ஏற்கெனவே கழித்த சிறைவாசமே போதும் என்று அவர் விடுதலையானார். ‘திடீர்’ என்ற நிபந்தனையை 2009-ல் இயற்றப்பட்ட சட்டம் கைவிட்டது. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. மதுராவிடம் காயத்தை எதிர்பார்த்த அதே சட்ட மனம்தான் கிரண்ஜித்திடம் திடீர்க் கோபத்தை எதிர்பார்த்தது என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

‘பெண்ணுக்குப் பெண்தான் எதிரி’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் சிலர் நீட்டுவார்கள். மருமகளை அடக்கும் மாமியார்கள் இருக்கிறார்கள், மகளை வாயடைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆணின் பெயரால் நடக்கும் அதிகாரத்தில் ஒரு பங்கு, வாழ்நாள் முழுக்க அடங்கியிருந்ததற்குக் கூலியாக முதுமையில் அவர்கள் கைக்கு வருகிறது. அந்தச் சிறு பங்கைக் காட்டி முழு உடைமையாளரை மறைப்பதற்கே இந்தச் சொல் பெரும்பாலும் பயன்படுகிறது.

எதைச் சாதித்தார்கள் என்ற இரண்டாம் பாதிக்கு நேர்மையான பதில் இனிப்பானது அல்ல. ராஜஸ்தானின் பத்தேரி கிராமத்தில் அரசுத் திட்டமொன்றின் ஊழியராக இருந்து குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி, அதற்குப் பழிவாங்கலாக 1992-ல் ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளானார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. அவர் ஓயாததால் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. 1997-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க அந்த நீதிமன்றம் வகுத்த விசாகா நெறிமுறைகள் வந்தன. 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. இன்று ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு பெண் உள்ளகப் புகார்க் குழுவில் மனு கொடுக்கும்போது, அந்தக் காகிதத்தின் அடியில் பன்வாரி தேவியின் போராட்டம் இருக்கிறது. பன்வாரி தேவிக்கு அவர் கேட்ட நீதி கிடைக்கவில்லை.

தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினரால் பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் கத்தி எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி, கேட்ட இடத்திலெல்லாம், பத்தொன்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சாட்சி சொல்வதைவிட நீண்ட போராட்டத்தை நான் அறியேன்.

கிடைத்ததைத் திரும்பப் பிடுங்கும் முயற்சியும் ஓய்வதில்லை. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் ஐரோப்பிய உடன்படிக்கை 2011-ல் கையெழுத்தான நகரம் இஸ்தான்புல். 2021-ல் அதிலிருந்து முதலில் விலகிய நாடு துருக்கி. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமும், திருமண உறவுக்குள் நடக்கும் பாலியல் வன்கொடுமைக்கான பழைய விதிவிலக்கை வைத்துக்கொண்டது.

இவ்வளவுக்கும் பிறகு, பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கும்போது நாம் என்ன செய்வது என்று கேட்டால், சட்டத்தில் இருக்கும் ஒரு மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 1997-ல் ஆஸ்திரியா, அடிப்பவனைக் காவல்துறையே வீட்டிலிருந்து வெளியேற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளிக்கிறது. 19-வது பிரிவின்படி, அங்கிருந்து அவனை வெளியேறும்படி குற்றவியல் நடுவர் உத்தரவிடலாம். இந்த உத்தரவைப் பெறுவதற்கு அவளுக்குத் துணையாகக்கூடியவை தேதியிட்ட ஒரு மருத்துவக் குறிப்பு, ஒரு புகைப்படம், அன்று இரவு சத்தத்தைக் கேட்டேன் என்று அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரிடம் தன் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யும் ஓர் அண்டை வீட்டார். கொல்லைக் கதவைத் தாழிடாமல் விட்டவள் எதிர்பார்த்தது அந்த அண்டை வீட்டாரைத்தான். ‘அவள் ஏன் வெளியே வரவில்லை’ என்பதற்குப் பதிலாக, ‘அவன் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறான்’ என்று அவர்கள் கேட்கத் தொடங்கலாம்.